தங்கள் அமர்வு பத்து நொடிகூட நீடிக்கவில்லை

சாலைக் கடைத்தெரு,
திருவனந்தபுரம்.
5-4-2004

திருமதி சபீனா அவர்களுக்கு,

வடிவம்மாள் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் கணவர் வீட்டாரும் நலமாக இருப்பதாகக் கொள்கிறேன். ஓராண்டு இடைவெளிக்குப் பின் வரும் இக்கடிதத்தைத் தாங்கள் வேறுவிதமாகப் பொருள் கொள்ள வேண்டாம். இது தொழில்முறைக் கடிதம். நம்மிடையே நிகழ்ந்தவற்றைக் கிளறுவது இதன் நோக்கமன்று.

தாங்கள் என் அச்சுக்கோப்பகத்தில் பணியாற்றிய காலத்தில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்த கணிப்பொறி, கடந்த வியாழக்கிழமை முதல் என்னை உள்ளே விட மறுக்கிறது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பிழையின்றி உள்ளிடுகிறேன். ஏற்றுக்கொண்டதுபோல் திரை இருள்கிறது. பின்னர் ஒரு சாம்பல் நிறப் பெட்டி தோன்றி ஆங்கிலத்தில் ஒன்றைச் சொல்கிறது. அதன் தமிழாக்கத்தைக் கீழே தருகிறேன்.

“தங்கள் அமர்வு பத்து நொடிகூட நீடிக்கவில்லை. தாங்களாகவே வெளியேறவில்லை எனில், நிறுவலில் ஏதேனும் கோளாறு இருக்கலாம். அல்லது வட்டில் இடம் இல்லாதிருக்கலாம்.”

பொத்தானை அழுத்தினால் மீண்டும் அதே நுழைவுத் திரை. மீண்டும் பெயர், மீண்டும் கடவுச்சொல், மீண்டும் அதே பெட்டி. இரண்டாவது காரணம் எனக்குப் பொருந்தாது. வாடிக்கையாளர்களின் திருமண அழைப்புகளையும் விண்ணப்பங்களையும் பணி முடிந்ததும் அழித்துவிடும் ஒழுங்கு என்னுடையது. ஆகவே நிறுவலில்தான் கோளாறு இருக்க வேண்டும். நிறுவியவர் தாங்கள்.

‘எளிய தமிழில் கணிப்பொறி’ நூல் முழுவதும் அதற்குள் இருக்கிறது. நாகர்கோவில் பதிப்பாளர் வேதமாணிக்கம் அவர்கள் பள்ளி திறப்பதற்குள் வெளியிடுவதாக ஒப்புக்கொண்டு, மே இருபதாம் தேதிக்குள் பக்கங்களைக் கேட்டிருக்கிறார். பதிப்பாளருக்கு மாதிரியாக அனுப்பிய ஓர் அத்தியாயத்தைத் தவிரத் தாளில் ஏதும் இல்லை. பிழை திருத்திய தாள்களின் பின்புறத்தில் வாடிக்கையாளர்களுக்கு மாதிரிப் படி அச்சிட்டுக் கொடுக்கும் நம் வழக்கத்தைத் தாங்கள் அறிவீர்கள். என் அத்தியாயங்கள் யார் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் முதுகிலோ போய்விட்டன.

அந்நூலின் ஏழாம் அத்தியாயம் நுழைவுக் கோளாறுகளை நீக்கும் முறையைப் பற்றியது. ஆகையால் இந்நகரில் வேறெவரிடமும் நான் இதைக் கேட்க இயலாது. தொலைபேசி, பக்கத்து அரிசி மண்டியில் சுடலைக்கண்ணுவின் மேசைமீது இருக்கிறது. அங்கே பேசுவது சாலை முழுவதற்கும் பேசுவது. இணைய மையத்தில் என்னை எவரேனும் கண்டால் என்ன நினைப்பார்கள் என்பதையும் தாங்கள் ஊகிக்கலாம். எனவே அஞ்சல்வழி பதில் தருமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
மு. வடிவம்மாள்


கடையநல்லூர்
9-4-2004

அன்புள்ள வடிவக்காவுக்கு,

சபீனா எழுதியது. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை, இது எனக்குத்தானா என்று பார்க்க. ஆறு வருடம் “ஏ சபீனா, டீ வந்துட்டா பாரு” என்று கூப்பிட்ட வாயால் “தாங்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். வரி கேட்டு வருகிற ஆபீசருக்குக்கூட நீங்கள் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. கல்யாணத்துக்கு வந்த தந்தியும் இப்படித்தான் இருந்தது. “மணமக்கள் வாழ்க.” அதில் என் பேர்கூட இல்லை.

நீங்கள் கிளற வேண்டாம் என்றீர்கள். நான் ஒரே ஒரு தரம் கிளறிவிட்டு விட்டுவிடுகிறேன். அன்றைக்குக் கடைக்கு வந்த சரஸ்வதியம்மாள் டீச்சர் கம்ப்யூட்டரில் ஒரு சந்தேகம் கேட்டபோது, “அத என்கிட்ட கேளுங்க டீச்சர், அக்காவுக்கு எழுதத்தான் தெரியும்” என்று சொன்னேன். விளையாட்டாகச் சொன்னேன். மறுநாள் காலையில் நான் வந்ததும் கையை நீட்டிக் கடைச் சாவியைக் கேட்டீர்கள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அதுவும் இல்லை. அவ்வளவுதான், இனி கிளற மாட்டேன்.

இப்போது மெஷினுக்கு வருவோம். லாகின் திரை வந்ததும் பேர் எதுவும் அடிக்காதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப் ஒன்று விசையை அழுத்துங்கள். படம், பொத்தான் எல்லாம் போய்க் கருப்புத் திரை வரும். பயப்பட வேண்டாம், அதுவும் அதே மெஷின்தான். அங்கே பேரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். உள்ளே விட்டதும் சின்ன எழுத்தில் டி, எஃப் இரண்டையும் சேர்த்து அடித்து என்டர் கொடுங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் ஒரு சதவீதக் கணக்கு இருக்கும். அதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.

மாமியார் கேட்கிறார்கள், “யாருக்கு புள்ள, மெனக்கெட்டு எழுதுற? கலெக்டருக்கா?” என்று. ஏறக்குறைய அப்படித்தான் மாமி என்றேன்.

சபீனா


சாலைக் கடைத்தெரு
13-4-2004

அன்புள்ள சபீனா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிளறிய பகுதிக்கு விடை எழுதப் போவதில்லை.

கருப்புத் திரை தோன்றியது. பயனர் பெயரை ஏற்றது. கடவுச்சொல்லை உள்ளிட்டபோது ஒரு நட்சத்திரக் குறிகூட விழவில்லை. விசைப்பலகை செத்துவிட்டது என முடிவு செய்து, அதைக் கழற்றித் துடைத்து, வேறொன்றை மாட்டி, அதிலும் ஒன்றும் தெரியாமல் வெகுநேரம் அமர்ந்திருந்தேன். பிற்பாடு எரிச்சலில் என்டர் விசையை அடித்தபோதுதான் உள்ளே விட்டது. தட்டச்சு செய்வது கண்ணுக்குத் தெரியாது என்பதைத் தாங்கள் முன்னரே குறிப்பிட்டிருக்கலாம். என் நூலில் நான் குறிப்பிட்டிருக்கிறேன் என்றே நினைக்கிறேன். இப்போது சரிபார்க்க வழியில்லை.

தாங்கள் கேட்ட கணக்கு: நூறு சதவீதம். எஞ்சியிருப்பது என்ற பத்தியில் பூஜ்யம்.

இது எவ்வாறு இயலும் என்று விளங்கவில்லை. பிறர் பணி எதையும் நான் வைத்திருப்பதில்லை. அவ்வட்டில் இருப்பது என் நூல் ஒன்றே.

அரிசி மண்டிக்காரர் தட்டியின் மேல் தலையை நீட்டி, “என்ன வடிவக்கா, பெட்டி இன்னும் உங்கள உள்ள விடலியா? வாசல்லயே நிக்கியோ?” என்று கேட்டார். எவ்வாறு அறிந்தார் என்று தெரியவில்லை. “வேலை குறைவு, அதனால் ஓய்வு கொடுத்திருக்கிறேன்” என்றேன். “மெஷினுக்கு லீவு குடுக்க மொதலாளிய இப்பத்தான் பாக்கேன்” என்று சிரித்துவிட்டுப் போனார். பன்னிரண்டு நாள்களாகத் திருமண அழைப்புக்கு வருபவர்களை அடுத்த வாரம் வரச்சொல்லித் திருப்பியனுப்புகிறேன். நாளை விஷு, கடை இல்லை. அந்த ஒரு நாள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்துச் செய்ய வேண்டியதைத் தெரிவிக்கவும்.

வடிவம்மாள்


கடையநல்லூர்
17-4-2004

வடிவக்கா,

நூறு சதவீதம் என்று படித்ததும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. “என் நூல் ஒன்றே” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒன்று எத்தனை?

ஒவ்வொரு முறையும் திருத்த உட்காருவதற்கு முன்னால் முழுப் புத்தகத்தையும், படங்களோடு, அப்படியே ஒரு பிரதி எடுத்துப் புதுப் பேர் வைத்து ஒதுக்கிவிட்டுத்தானே தொடங்குவீர்கள்? ஒரு கால்புள்ளி மாற்றினாலும் பிரதி. நான் இருந்தபோதே நாற்பதுக்குப் பக்கம் வந்துவிட்டது. “அக்கா, பழையது எதுக்கு, கழிச்சிடலாமே” என்றால், “ஒருமுறை எழுதினதைக் கொல்றதுக்கு எனக்குக் கை வராது” என்பீர்கள். அந்த டிஸ்க் பழைய மெஷினிலிருந்து கழற்றிப் போட்டது, சின்னது. அதில் உங்கள் புத்தகம் புத்தகமாக அடுக்கி மூச்சு முட்டிவிட்டது.

விஷயம் இதுதான். நீங்கள் உள்ளே வந்ததும் மெஷின் தனக்காகச் சின்னதாக ஒரு குறிப்பை எழுதி வைத்துக்கொள்ளும். எழுத எள்ளளவு இடமும் இல்லாததால் உங்களை வெளியே தள்ளிவிடுகிறது. பாஸ்வேர்டும் சரி, நீங்களும் சரி, நான் ஏற்றியதும் சரி.

மருந்து சுலபம். கருப்புத் திரையில் உங்கள் புத்தகம் இருக்கும் இடத்துக்குப் போய் மிகப் பழைய பிரதிகள் இரண்டை அழிக்க வேண்டும். அதற்கான வரிகளைத் தனித்தாளில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். ஆர், எம் என்று அடித்து என்டர் கொடுத்தால் அது “நிச்சயமா?” என்று கேட்காது, குப்பைக்கூடையிலும் போடாது. போனது போனதுதான். ஆகவே பேரை இரண்டு முறை பார்த்துவிட்டு அடியுங்கள்.

நானே வந்து ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவேன். ஆனால் எனக்கு இது ஏழாம் மாதம். மலைப்பாதையில் பஸ் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சொல்லாமலிருந்தாலும் மாமி விடமாட்டார்கள். உங்களுக்கு எழுதிச் சொல்ல வேண்டும் என்று நாலு மாதமாக நினைத்தேன். தந்தி வந்துவிடுமோ என்று பயந்து எழுதவில்லை.

சபீனா


சாலைக் கடைத்தெரு
22-4-2004

அன்புள்ள சபீனா,

முதலில் உன் செய்திக்கு. உடம்பைப் பார்த்துக்கொள். மாடிப்படி ஏறாதே. இதற்குமேல் இவ்விஷயத்தில் எனக்கு எழுதத் தெரியவில்லை. அனுபவமில்லாதவற்றில் நான் கருத்துரைப்பதில்லை.

நீ எழுதியனுப்பிய வரிகளை அவ்வாறே உள்ளிட்டேன். புத்தகம் இருக்கும் இடம் திறந்தது. பட்டியலும் வந்தது. பட்டியல் முழுவதும் கேள்விக்குறிகள்.

கேள்விக்குறிகள், சபீனா. மேலிருந்து கீழ்வரை, வரிவரியாக. ஒரு பெயர்கூட இல்லை. கோப்புகளுக்கெல்லாம் நான் தமிழில் பெயரிட்டிருந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். “இங்கிலீஷ்ல வைங்க அக்கா, பின்னால கஷ்டப்படுவீங்க” என்று நீ சொன்னாய். தமிழில் கணிப்பொறி கற்பிக்கும் நூலுக்கு ஆங்கிலத்தில் கோப்புப் பெயரா என்று நான் உன்னைக் கடிந்துகொண்டேன். நான் சொன்னது கொள்கையளவில் இன்றும் சரி. ஆனால் அந்தக் கருப்புத் திரைக்குத் தமிழ் தெரியாது. என் ‘முதல் வரைவு’ம், ‘திருத்தியது’ம், ‘முற்றிலும் திருத்தியது’ம் அதற்கு ஒரே கேள்விதான்.

தேதியைக் கொண்டு பழையதைக் கண்டுபிடிக்கலாம் என்று உன் தாளின் அடியில் எழுதியிருந்தாய். பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே தேதி, இரண்டாயிரமாம் ஆண்டு ஜனவரி ஒன்று. உள்ளே இருக்கும் பொத்தான் மின்கலம் தீர்ந்துபோய், ஒவ்வொரு நாளும் அணைத்து எழுப்பும்போது கணிப்பொறி தன் காலத்தை மறந்து அதே நாளில் கண்விழிக்கிறது என்பது எனக்குத் தெரியும். மூலையில் கடிகாரம் தவறாகக் காட்டுவது ஒரு குறையாக எனக்குத் தோன்றவில்லை. சுவரில் கடிகாரம் இருக்கிறது.

ஏதோ ஒன்றை அழிக்கலாம் என்று ஆர், எம் எழுதினேன். கேள்விக்குறிகளுள் ஒன்றை நீ காட்டிய முறையில் குறித்தேன். விரலை என்டர் விசைமீது வைத்தேன். இவற்றுள் ஏதோ ஒன்று கடைசிப் பிரதி. முந்நூறு பக்கமும் முடிந்த ஒரே பிரதி. அது இதுவாக இருந்தால்? அப்போது சரஸ்வதியம்மாள் டீச்சர் படியேறி வந்தார். “வடிவம்மா, புஸ்தகம் எவ்விடம் வரெ ஆச்சு? எங்க ஸ்கூல்ல எல்லாரும் கேக்குறாங்களாக்கும். பிள்ளைங்களுக்கு மலையாளத்துல எல்லாம் இருக்கு, தமிழ்ல படிக்கிறதுகளுக்கு ஒண்ணும் இல்ல” என்றார். திரையை அணைத்துவிட்டேன். “அச்சுக்குப் போகும் நிலையில் இருக்கிறது” என்றேன்.

பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். அந்நூலின் முதல் பக்கத்தில் என் பெயருக்குப் பின்னால் எந்தப் பட்டமும் இராது. அந்த வெற்றிடத்தை மனத்தில் வைத்துத்தான் ஒவ்வொரு வாக்கியத்தையும் செதுக்கினேன். அந்தத் திரையில் எதையும் நான் அழிக்க மாட்டேன். வேறு வழி இருந்தால் எழுது.

வடிவம்மாள்


கடையநல்லூர்
26-4-2004

வடிவக்கா,

அழிக்காமல் விட்டதற்கு நன்றி. இதற்குமேல் கடிதத்தில் வைத்தியம் பார்க்க முடியாது. பெட்டியை என்னிடம் கொண்டு வாருங்கள்.

திரை வேண்டாம், கீபோர்டு வேண்டாம், பெட்டி மட்டும். தம்பானூரிலிருந்து காலையில் தென்காசி பஸ் இருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வைத்தால் மலைவளைவில் குதிக்கும். தென்காசியில் என் கொழுந்தன் ஆட்டோவோடு நிற்பார். இங்கே கொழுந்தன் கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. உங்கள் டிஸ்கை அதில் மாட்டினால் தமிழ்ப் பேர் தமிழாகவே தெரியும். கடைசிப் பிரதியை சிடியில் எழுதி உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். பாக்கியைப் பிறகு பார்க்கலாம். மாமி மீன் வாங்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். “அந்த அம்மா சைவப்பிள்ளைமாராச்சே, சோறு வடிக்கிற பாத்திரம்லாம் புதுசா எடுத்து வைக்கணும்” என்று பரணில் ஏறச் சொல்லி என் வீட்டுக்காரரை விரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதுவரைக்கும் ஒன்று. யாராவது வந்து பார்த்துவிட்டு, “புதுசா லோடு பண்ணித் தந்திடுறேன், அரை மணி நேர வேலை” என்று சொன்னால் ஷட்டரை இறக்கிவிடுங்கள். புதிதாக ஏற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். நாற்பது பிரதி இருந்தும் எல்லாம் அந்த ஒரே டிஸ்கில்தான் இருக்கிறது, அக்கா. வெளியில் ஒன்றுகூட இல்லை. அது பிரதியே இல்லை.

சனிக்கிழமை வாருங்கள். வருவீர்கள்தானே?

சபீனா


சாலைக் கடைத்தெரு
3-5-2004

சபீனா,

சனிக்கிழமை நான் வரவில்லை. உன் கொழுந்தன் தென்காசியில் காத்திருந்திருப்பார். அவரிடம் என் மன்னிப்பைச் சொல்.

வருவதாகத்தான் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியைச் சுற்றுவதற்குச் சுடலைக்கண்ணுவிடம் இரண்டு சாக்கு கேட்டு வாங்கினேன். “எந்த ஊருக்கு மூட்ட கட்டுதீங்க?” என்று கேட்டார். சாக்கை விரித்து வைத்துக்கொண்டிருக்கையில் வேதமாணிக்கம் அவர்கள் வந்துவிட்டார். அறிவிக்காமல் வந்தார். ஒரு திருமணத்துக்காக வந்தவர், போகிற வழியில் பக்கங்களைத் திரையில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நுழைந்திருக்கிறார். உடன் நீலகண்டன் என்றொருவரையும் அழைத்து வந்திருந்தார். தம்பானூர்ப் பக்கம் கணிப்பொறி பழுது பார்ப்பவர்.

கணிப்பொறியைப் புதுப்பிக்கும் பணி நடைபெறுகிறது என்று சொன்னேன். அதைவிட நல்ல பொய் அந்நேரத்தில் தோன்றவில்லை. “அப்ப நல்லதாப் போச்சு, நம்ம ஆளு கையிலயே இருக்காரே” என்றார் வேதமாணிக்கம். நீலகண்டன் அமர்ந்து எழுப்பினார். நுழைவுத் திரை வந்தது. சாம்பல் பெட்டி வந்தது. படித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார்; ஏளனமாக அல்ல. நல்ல மனிதர். “இது பழைய வெர்ஷனாணு அக்கா. புதுசு ஏத்திட்டா தீர்ந்து. சிடி கையில உண்டு. அரைமணிக்கூர்” என்றார்.

உன் கடிதம் மேசை இழுப்பறையில் இருந்தது. அதைப் படித்து முழுமையாகப் புரிந்துகொண்டவள் நான்.

அவர் கேட்டார், சபீனா. கேட்காமல் செய்தார் என்று நான் எழுத முடியாது. “அக்கா, இதுல வேண்டப்பட்டது ஏதாவது உண்டா? இப்பவே சொல்லணும் கேட்டோ. பின்னெ என்னெக் குற்றம் சொல்லக்கூடாது.”

நான் வாய் திறப்பதற்குள் வேதமாணிக்கம் உரக்கச் சிரித்தார். “ஓய், புக்கு எழுதினவங்ககிட்டப் போயி இதக் கேக்கீரே! பிரதி எடுத்து வைக்கணும்னு இவங்க தனி அத்தியாயமே எழுதியிருக்காங்க. படிச்சுட்டு நானே போன மாசம் எங்க ஆபீஸ்ல எல்லாத்தையும் சிடியில எடுத்து வச்சேன்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். தட்டிக்கு அப்பால் சுடலைக்கண்ணு தராசை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பிரதிகள் இருக்கின்றன” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. பிரதிகள் இருந்தன.

அவர் சிடியைப் போட்டார். இரண்டு மூன்று திரைகள் கடந்தன. பின்னர் ஒரு திரையில், வட்டிலுள்ள அனைத்தும் அழியும், தொடரலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. அந்நேரம் டீ வந்தது. நீலகண்டன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, டீயை ஆற்றி, நிதானமாகக் குடித்தார். வேதமாணிக்கம் அட்டைப்படம் பற்றிப் பேசினார். நீலமா, பச்சையா என்று கேட்டார். அந்தக் கேள்வி திரையில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அவர் குவளையைக் கீழே வைக்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. ஒரு சொல் போதும். “இருங்கள்” என்பது ஒரு சொல்தான்.

நீலம் என்றேன்.

வடிவம்மாள்


கடையநல்லூர்
6-5-2004

வடிவக்கா,

திட்ட நேரமில்லை. இந்தக் கடிதம் கைக்கு வந்த நொடியே மெஷினை நிறுத்துங்கள். ஒழுங்காக அணைக்கக்கூட வேண்டாம், பிளக்கைப் பிடுங்குங்கள். அதற்குப் பிறகு அதைத் தொடாதீர்கள்.

எல்லாம் போயிருக்காது. புதிதாக ஏற்றும்போது பழையதன் பட்டியலைத்தான் அது தூக்கி எறியும். எழுத்து அடியில் அங்கங்கே கிடக்கும், மேலே வேறு எழுதப்படும்வரை. அதைத் தோண்டி எடுக்கிறவர் மதுரையில் ஒருவர் இருக்கிறார், என் கொழுந்தன் விசாரித்துவிட்டார். முழுப் புத்தகமும் வரும் என்று சொல்ல மாட்டேன். துண்டு துண்டாகத்தான் வரும். உங்களுக்கு நாற்பது பிரதி இருந்ததால் ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் கிடைக்கலாம் என்கிறார். பாதி கிடைத்தாலும் பாதியை நாம் எழுதிவிடலாம்.

ஆனால் நீங்கள் அதில் புதிதாக ஏதாவது அடித்துச் சேமித்தால் அது பழையதன் மேல்தான் போய் உட்காரும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பக்கம் போகும். ஒரு கல்யாணப் பத்திரிகைகூட வேண்டாம். யார் வந்து கேட்டாலும் கடை இல்லை என்று சொல்லுங்கள்.

பெட்டியைக் கொண்டுவர வேண்டியதுகூட இல்லை. நீங்கள் சொன்னால் என் கொழுந்தன் நாளைக்கே பஸ் ஏறிவருவார். வேதமாணிக்கம் சாரிடம் நான் பேசுகிறேன். மெஷின் பழுதானதற்கு நான்தான் காரணம், தப்பாக ஏற்றிவிட்டேன் என்று சொல்கிறேன். எனக்கு அதில் ஒரு குறைச்சலும் இல்லை. நான் எழுதுகிறவள் இல்லையே.

ஒரே ஒரு வரி எழுதுங்கள், “அனுப்பு” என்று.

சபீனா


சாலைக் கடைத்தெரு
12-5-2004

அன்புள்ள சபீனா,

உன் கடிதம் திங்கள்கிழமை காலையில் வந்தது. அப்போது நான் நான்காம் அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

நீலகண்டன் எழுந்து போன அன்று மாலையே முதல் பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு வாக்கியமும் மனப்பாடம் என்று நம்பினேன். இல்லை. வாக்கியங்களின் ஓசை நினைவிருக்கிறது. எதைச் சொல்ல வந்தன என்பது பல இடங்களில் இல்லை. முதன்முறை எழுதியபோது ஐயம் வந்தால் தலையைத் திருப்பி உன்னைக் கேட்பேன். இப்போது அவ்விடங்களில் நல்ல தமிழில் ஏதோ ஒன்றை எழுதிக் கடந்துவிடுகிறேன். படிப்பவருக்கு உடனே தெரியாது. ஒரு பிள்ளை அதைப் பார்த்துக் கணிப்பொறியில் செய்துபார்த்தால் தெரியும்.

உன் கடிதத்தை இருமுறை படித்தேன். அடியில் கிடக்கிறது என்றாய். நான் எழுதிய மூன்று அத்தியாயங்களும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன என்பது விளங்கியது. எழுந்து போய்ச் சுவரில் மாட்டிய பிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெட்டி உன்னிடம் வந்தால் மே இருபதாம் தேதி என் கையில் ஒன்றும் இராது. வேதமாணிக்கம் அவர்களிடம் காரணம் சொல்ல வேண்டும். உன்மேல் பழியைப் போட நீ இசைந்தாய். அது உன் பெருந்தன்மை. ஆயினும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இராது. “பிரதிகள் இருக்கின்றன என்றீர்களே, அவை எங்கே?” என்பதாகத்தான் இருக்கும். நீலகண்டன் பக்கத்தில் இருப்பார். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் என் முகத்தை எண்ணிப் பார்த்தேன். என்னால் இயலாது, சபீனா. இது தவறு என்று தெரியும். தெரிவதற்கும் இயல்வதற்கும் உள்ள தூரத்தை எந்த நூலைப் படித்தும் நான் கடந்ததில்லை. நானாகக் கற்றவற்றில் இது சேரவில்லை.

பிளக்கை விட்டுவிட்டு வந்து அமர்ந்தேன். நான்காம் அத்தியாயத்தை மாலைக்குள் முடித்துச் சேமித்தேன். நேற்று ஐந்தாவதில் பாதி. இன்று காலையில் இரண்டு கல்யாணப் பத்திரிகைகள் வந்தன, அவற்றையும் அடித்துக் கொடுத்தேன். எவரையும் திருப்பியனுப்பவில்லை. மதுரைக்காரரிடம் சொல்லிவிடு, தேவையில்லை என்று. உன் கொழுந்தனும் வர வேண்டாம்.

பன்னிரண்டு அத்தியாயங்கள் முடியாது. ஆறு முடியும். சிறு நூலாக வரட்டும் என்று வேதமாணிக்கம் அவர்களுக்கு எழுதிவிட்டேன். மாணவருக்குச் சுருக்கமே நன்று என்று காரணமும் காட்டியிருக்கிறேன். அவர் ஒப்புக்கொள்வார். நீல அட்டையில் என் பெயர் வரும். அது நான் எழுதிய நூல் அல்ல என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். உனக்கு ஒரு படி அனுப்ப வேண்டும் என்று முறை சொல்கிறது. அனுப்ப மாட்டேன். கடையில் கண்டாலும் வாங்காதே.

குழந்தை பிறந்ததும் ஒரு அட்டை போடு. ஆணா பெண்ணா என்று மட்டும் எழுதினால் போதும். இயந்திரத்தைப் பற்றி எதுவும் எழுதாதே. அது நன்றாகவே வேலை செய்கிறது. காலையில் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் உடனே உள்ளே விட்டுவிடுகிறது. நான் கிளம்பும்வரை வெளியே தள்ளுவதில்லை.

வடிவம்மாள்